டோலோ வேறு, டோலோனெக்ஸ் வேறு: வலி மாத்திரை வாங்கும்போது பார்க்க வேண்டியவை

செட்டிநாட்டில் ஒரே ஊருக்குள் ஏழெட்டு ராமநாதன் இருப்பார்கள். ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் வந்தது. அதனால் வெறும் பெயரை வைத்து யாரும் ஆளைத் தேடுவதில்லை, விலாசத்தைக் கேட்பார்கள். மாத்திரைக்கும் அப்படி ஒரு விலாசம் உண்டு. வாயில் நிற்கிற பெயர் கம்பெனி வைத்தது. உள்ளே என்ன மருந்து, எத்தனை மி.கி. என்பதுதான் விலாசம். மெடிக்கலில் அதைக் 'கன்டென்ட்' என்பார்கள். வலி மாத்திரையில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை கன்டென்ட் பார்க்காமல் பெயரை மட்டும் பார்ப்பதால் நடப்பவை.

குழப்பம் இரண்டு பக்கமும் வரும். குரோசின், கால்பால், டோலோ, பேசிமால் எல்லாம் ஒரே பாராசிட்டமால்தான். ஒன்று கேட்கவில்லை என்று அடுத்ததைப் போட்டால் அதே மருந்தைத்தான் இன்னொரு முறை விழுங்குகிறோம். மறுபக்கம், டோலோ 650 என்பது பாராசிட்டமால், டோலோனெக்ஸ் என்பது பைராக்சிகாம். பின்னது மூட்டு வீக்கத்துக்கான பழைய, கடுமையான மருந்து. 20 மி.கி. ஒன்று போட்டால் உடம்பில் நாள் கணக்கில் தங்கும், வயிற்றைப் புண்ணாக்குவதில் பெயர் வாங்கியது. போனில் "டோலோ ஒரு அட்டை" என்று சொல்லி, அரைகுறையாகக் காதில் விழுந்து, டோலோனெக்ஸ் வந்து சேர்ந்தால், அதை டோலோ மாதிரி நாளைக்கு மூன்று போடுகிற ஆபத்து இருக்கிறது.

இதைவிட மோசமான ஜோடி ஒன்று உண்டு. முடக்குவாதத்துக்கு மருந்து எடுப்பவர்கள் வீட்டில் ஃபோலிட்ராக்ஸும் ஃபோல்வைட்டும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். ஃபோலிட்ராக்ஸ் என்பது மெத்தோட்ரெக்சேட். வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுக்க வேண்டும். ஃபோல்வைட் வெறும் ஃபோலிக் அமிலம், வைட்டமின். இரண்டும் மஞ்சள் நிறக் குட்டி மாத்திரைகளாக வருவதுண்டு. பெயர் மாறி மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் போட்டால் வாய் முழுக்கப் புண் வந்து, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்தாகும். மெத்தோட்ரெக்சேட் அட்டையில் 'செவ்வாய் மட்டும்' என்பது போலக் கிழமையைப் பேனாவால் எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போடவே வேண்டாம். மெத்தோட்ரெக்சேட் எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேறு எந்த வலி மாத்திரையும் சேர்க்கக்கூடாது.

அட்டையைப் படிப்பது

2018 செப்டம்பர் முதல், மருந்தின் பொதுப்பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி. ஆகவே அட்டையின் பின்பக்கம் 'பாராசிட்டமால் டேப்லெட்ஸ் ஐ.பி. 650 மி.கி.' என்ற வரி ஓரளவு தெளிவாகவே இருக்கும். மூன்றும் அதற்கு மேலும் மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு இந்த விதியில் விலக்கு உண்டு. எங்கே கவனித்துப் படிக்க வேண்டுமோ அங்கேதான் எழுத்து பொடியாக இருக்கிறது. அப்படிப்பட்ட அட்டையைப் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு தயாரான பிரபல மருந்துகள் 300-க்கு கியூ.ஆர். குறியீடு கட்டாயம். அதை ஸ்கேன் செய்தால் பொதுப்பெயரும் காலாவதித் தேதியும் திரையில் வரும்.

இரண்டு மூன்று மாத்திரை மட்டும் வாங்கினால் கடைக்காரர் கத்தரிக்கோலால் வெட்டித் தருவார். பெயர் ஒரு துண்டில் போகும், தேதி இன்னொரு துண்டில் போகும். வெட்டும் முன் "அண்ணே, ஒரு நிமிஷம், முழு அட்டையைப் படம் எடுத்துக்கிறேன்" என்று கேளுங்கள், யாரும் மறுப்பதில்லை. வீட்டில் மாத்திரையைப் பிதுக்கும்போது தேதி உள்ள முனையைக் கடைசிவரை விட்டுவையுங்கள்.

பெயரின் வால்

ஜீரோடால் என்றால் அசெக்ளோஃபெனாக் 100 மி.கி. ஜீரோடால்-பி என்றால் அதோடு பாராசிட்டமால் 325. எஸ்.பி. என்றால் வீக்கத்துக்கென்று செராஷியோபெப்டிடேஸும் சேர்ந்தது. அதனால் வலி கூடுதலாகக் குறையும் என்பதற்கு வலுவான சான்று இல்லை, விலை மட்டும் கூடும். வாலில் வரும் எழுத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான பொருள் கிடையாது என்பதுதான் சிக்கல். வலி மாத்திரையில் எம்.ஆர். என்று வந்தால் தசையைத் தளர்த்தும் மருந்து சேர்ந்திருக்கிறது, தூக்கமும் தலைசுற்றலும் வரும். சர்க்கரை மாத்திரையான கிளிக்ளசைடில் அதே எம்.ஆர்., மெதுவாகக் கரையும் வகை என்று பொருள்படும். ஜீரோடால்-பியில் பி என்பது பாராசிட்டமால். மெஃப்டால்-பியில் பாராசிட்டமாலே இல்லை, குழந்தைகளுக்கான மெஃபனமிக் அமில சிரப் அது. எஸ்.ஆர்., சி.ஆர். என்று முடியும் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

இதய மருந்திலும் இந்த வால் ஏமாற்றும். எக்கோஸ்ப்ரின் 75 என்பது ஆஸ்பிரின். எக்கோஸ்ப்ரின் ஏ.வி. என்பது ஆஸ்பிரினோடு கொழுப்புக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின். டாக்டர் பின்னதற்கு மாற்றி எழுதிய பிறகும் பழைய அட்டை தீரட்டும் என்று இரண்டையும் போடுபவர்கள் இருக்கிறார்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர் மாத்திரையும், தனியார் டாக்டர் எழுதிய டெல்மாவும் ஒரே டெல்மிசார்ட்டனாக இருக்கலாம். முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ மலிவாக வாங்கும்போது அட்டையின் நிறமும் பெயரும் மாறும், மருந்து மாறாது. புது அட்டை வந்ததும் பழையதைப் பக்கத்தில் வைத்து, கன்டென்ட் வரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

பாராசிட்டமாலுக்குப் பேரேடு

கணக்கு எழுதத் தெரிந்த ஊருக்கு இது கடினமில்லை. சளி, காய்ச்சல், கூடவே மூட்டுவலி உள்ள ஒருவர் ஒரு நாளில் போடுவதை எழுதிப் பாருங்கள். டோலோ 650 மூன்று வேளை: 1950. ஜீரோடால்-பி இரண்டு வேளை, ஒன்றில் 325: 650. சினாரெஸ்ட் போன்ற சளி மாத்திரை மூன்று, ஒன்றில் 500: 1500. கூட்டினால் 4100 மி.கி. நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே 4000. மூன்று மாத்திரையையும் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் தனித்தனியே எந்தப் பிழையும் இல்லை. சேர்ந்த இடத்தில்தான் வரம்பு உடைகிறது.

வயதானவர்களும் 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும் 3000-க்குள் நிறுத்துவது நல்லது. தினமும் குடிப்பவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் 2000-ஐத் தாண்டாமல், அதையும் டாக்டரிடம் கேட்டே எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மி.கி., இரண்டு வேளைக்கு நடுவில் குறைந்தது 4 மணி நேரம், 6 ஆனால் இன்னும் நல்லது. பாராசிட்டமால் ஒளிந்திருக்கும் இடங்களை நினைவில் வையுங்கள்: காம்பிஃப்ளாமில் ஐபுப்ரோஃபென் 400-உடன் 325, அல்ட்ராசெட்டில் டிரமடாலுடன் 325, சாரிடானில் 250, விக்ஸ் ஆக்‌ஷன் 500-இல் பெயரிலேயே இருக்கும் 500.

சிங்கப்பூர், அமெரிக்கப் பெட்டியில் வந்தவை

பிள்ளைகள் ஊருக்கு வரும்போது மருந்தும் கூடவே வரும். மலேசியா, சிங்கப்பூரில் இருந்து வரும் பனடால் பாராசிட்டமால்தான். அதிலும் பனடால் எக்ஸ்ட்ரா என்றால் கூடவே கஃபீன் இருக்கும், மாலையில் போட்டால் தூக்கம் கெடும். பொன்ஸ்டான் என்பது மெஃபனமிக் அமிலம், நம்மூர் மெஃப்டாலின் உறவு. அமெரிக்க டப்பாவில் பாராசிட்டமால் என்ற சொல்லையே தேடினாலும் கிடைக்காது. அங்கே அதன் பெயர் அசிட்டமினோஃபென். டைலினால் அதுதான். அட்வில் என்றால் ஐபுப்ரோஃபென், அலீவ் என்றால் நாப்ராக்சன், எக்ஸெட்ரினில் அசிட்டமினோஃபென், ஆஸ்பிரின், கஃபீன் மூன்றும் உண்டு. எக்கோஸ்ப்ரின் போடும் ஐயாவுக்குத் தலைவலி என்று எக்ஸெட்ரின் கொடுத்தால் ஆஸ்பிரின் மேல் ஆஸ்பிரின் ஏறுகிறது.

டைலினால் பி.எம். என்பதில் உள்ள பி.எம்.-ஐச் 'சாயங்காலம் போடுவது' என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதில் டைஃபென்ஹைட்ரமின் என்ற தூக்க மருந்து சேர்ந்திருக்கிறது. வயதானவர்களுக்குப் பேச்சுத் தடுமாறும், மனம் குழம்பும், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரே அடைபடும். இரவில் எழுந்து இரண்டாம் கட்டைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போக வேண்டிய வீட்டில் தலைசுற்றி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். பி.எம். என்று எழுதிய வலி மாத்திரையை அறுபதைத் தாண்டியவர்களுக்குக் கொடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கோடாலி தைலத்தைச் சொல்லாமல் விட முடியாது, அது இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. அதில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரின் குடும்பம். தடவினால் தீங்கில்லை. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போடுபவர்கள் தினமும் முழங்கால் முழுக்கப் பூசினால் ரத்தக்கசிவு கூடும். வெந்நீரில் சொட்டு விட்டுக் குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தை கைக்கு எட்டும் இடத்திலும் வைக்கக்கூடாது. தூய மெத்தில் சாலிசிலேட் ஒரு தேக்கரண்டியில் கிட்டத்தட்ட 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமமான விஷம் இருக்கும்.

எந்த வலிக்கு எது

காய்ச்சலோடு வரும் உடல்வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். மழைக்காலத்தில் டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், மெஃபனமிக் அமிலம் எதுவும் வேண்டாம். டெங்குவில் தட்டணுக்கள் ஏற்கெனவே குறையும், இவை ரத்தக்கசிவுக்கு வழி திறந்துவிடும். சிக்குன்குனியா மாதிரி மூட்டு கடுகடுத்தாலும் முதல் சில நாட்களுக்கு இதே விதிதான்.

முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். நாளைக்கு மூன்று நான்கு முறை, புண் இல்லாத தோலில் தடவ வேண்டும். அதற்கு மேல் வெந்நீர் ஒத்தடமோ இறுக்கமான கட்டோ போடக்கூடாது. ஜெல்லில் இருந்து ரத்தத்தில் சேரும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு என்பதால் வயிறும் சிறுநீரகமும் தப்பும். இரண்டு வாரம் விடாமல் பூசிப் பார்த்துவிட்டு, பலன் உண்டா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். திண்ணையிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து, காலை நேராக நீட்டி 5 விநாடி நிறுத்துவதைப் பத்துப் பத்து முறை, காலையும் மாலையும் செய்தால் தொடைத் தசை வலுக்கும். மாத்திரை செய்யாத வேலையை அது செய்யும்.

பல்வலிக்கு, வேறு நோய் எதுவும் இல்லாத பெரியவர் என்றால், சாப்பிட்ட பின் ஐபுப்ரோஃபென் 400-உடன் பாராசிட்டமால் சேர்த்து எடுப்பது தனித்தனியே எடுப்பதைவிட நன்றாகக் கேட்கும். காம்பிஃப்ளாமில் இரண்டும் இருக்கிறது. கடையில் நாமே வாங்கிப் போடும் ஐபுப்ரோஃபென் ஒரு நாளைக்கு 1200-ஐத் தாண்டக்கூடாது. மாதவிலக்கு வலிக்கு மெஃப்டால் ஸ்பாஸ் போடுபவர்கள் கவனிக்க: மெஃபனமிக் அமிலத்தால் அரிதாக, காய்ச்சலோடு உடம்பு முழுக்கத் தடிப்பு வரும் கடுமையான ஒவ்வாமை உண்டாவதை இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரித்தது. முன்பு ஒரு முறை தடிப்பு வந்திருந்தால் மறுபடி தொடவே கூடாது. நைமசுலைடு என்ற வலி மருந்தை 12 வயதுக்குக் கீழே கொடுப்பதற்கு 2011-இலேயே தடை. கர்ப்பமாக இருந்தால் எந்த மாதமானாலும் பாராசிட்டமாலோடு நிறுத்தி, மற்றதை டாக்டரிடம் கேளுங்கள். 20 வாரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் வகை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

தலைவலிக்கு மாதத்தில் பத்து நாளுக்கு மேல் சாரிடான் போன்ற கூட்டு மாத்திரை போட்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்க ஆரம்பிக்கும். நெஞ்சு, தாடை, இடது தோள் வலிக்கு எதையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டெல்மா-ஹெச் போன்றவற்றில் டெல்மிசார்ட்டனோடு நீர் போக்கும் மருந்தும் இருக்கிறது. இந்த இரண்டோடு டைக்ளோஃபெனாக்கோ அசெக்ளோஃபெனாக்கோ சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மூன்று பக்கமிருந்தும் குறைகிறது. பேன் 40 போட்டுக்கொண்டால் எந்த வலி மாத்திரையும் ஒன்றும் செய்யாது என்று நம்புகிறார்கள். பேன் 40 வயிற்றைத்தான் காக்கும். சிறுநீரகத்துக்கும் இதயத்துக்கும் அதனால் ஒரு பாதுகாப்பும் இல்லை. எக்கோஸ்ப்ரின் போடுபவர்களுக்கு ஐபுப்ரோஃபென் இன்னொரு கெடுதலும் செய்யும்: ஆஸ்பிரின் வேலை செய்ய வேண்டிய இடத்தை மறித்துக்கொள்ளும்.

பழனிப் பாதயாத்திரையில்

தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து நத்தம், திண்டுக்கல் வழியாக நடப்பவர்கள் பையில் வலி மாத்திரை இல்லாமல் புறப்படுவதில்லை. நாள் கணக்கில் நடை, வியர்வை, விரதம், பாதி வயிறு. ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத நிலைமை இருக்க முடியாது. நீர்ச்சத்துக் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தை ஒரே நாளில் முடக்கவும் கூடும். பையில் பாராசிட்டமால் 500, டைக்ளோஃபெனாக் ஜெல், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்தாறு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அரை லிட்டர் பாட்டிலில் கலந்தால் உப்பு கூடிவிடும். சிறுநீர் தேநீர் நிறத்துக்கு வந்தாலோ, பாதி நாள் போகாமலே இருந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு வழியில் உள்ள மருத்துவ முகாமுக்குப் போய்விட வேண்டும். கூட நடப்பவர் "இதைப் போடுங்கண்ணே, கால் பஞ்சாயிடும்" என்று காகிதத்தில் மடித்துத் தருவதை வாங்க வேண்டாம். பெயர் இல்லாத மாத்திரைக்குக் கணக்கு எழுத முடியாது.

மூட்டுவலிக்குச் சில இடங்களில் தரப்படும் பொட்டலமும் இதே கதை. சட்டென்று வலி பறந்து, பசி எடுத்து, முகம் உப்ப ஆரம்பித்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கலாம். ஸ்டீராய்டும் டைக்ளோஃபெனாக்கும் சேர்ந்தால் வயிற்றுப்புண் விரைவில் வரும், சர்க்கரை ஏறும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குழந்தைகளின் சிரப்

ஒரே பெயரில் மூன்று அடர்த்தி வரும் என்பதால் 'மூடி அளவு கொடு' என்ற பேச்சே தவறு. பாராசிட்டமால் அளவு எடையைப் பொறுத்தது: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 10 கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 120 மி.கி. 5 மி.லி.யில் 120 உள்ள சிரப் என்றால் 5 மி.லி., 250 உள்ளது என்றால் 2.5 மி.லி.க்குச் சற்றுக் குறைவு. சொட்டு மருந்தில் ஒரே மி.லி.யில் 100 இருக்கும், ஆக 1.2 மி.லி. போதும். சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் நான்கு மடங்குக்கும் மேல் போய்விடும். ஊசி போடாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி அதில் அளந்து கொடுங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஐபுஜெசிக் பிளஸ்ஸில் ஐபுப்ரோஃபெனோடு பாராசிட்டமாலும் உண்டு, அதன்மேல் கால்பால் சேர்க்கக்கூடாது. ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் வைப்பது

வளவை, அதாவது உள்முற்றத்தை, பார்த்த சன்னலில், ஓலைக் கொட்டானில் மாத்திரை வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. சித்திரை வெயிலில் அந்த இடம் 30 டிகிரியை எளிதில் தாண்டும். வெயில் படாத உள்அறை அலமாரி போதும். அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒரு தாள் ஒட்டி நான்கு பத்தி போடுங்கள்: கன்டென்ட், அட்டையில் உள்ள பெயர், எதற்கு, எப்போது. கன்டென்ட் பத்தியில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் அங்கே நின்று மெடிக்கலிலோ டாக்டரிடமோ கேளுங்கள். கண் தெரியாத அப்பத்தாவுக்கு மார்க்கரால் அட்டையிலேயே தமிழில் பெரிதாக 'காய்ச்சல்', 'முட்டி – சாப்பிட்டுவிட்டு' என்று எழுதித் தரச் சொல்லலாம். போனில் மருந்து சொல்லும்போது "பாராசிட்டமால் அறுநூற்றைம்பது, காய்ச்சலுக்கு" என்று மருந்து, அளவு, காரணம் மூன்றையும் சொல்லி, கடைக்காரரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள்.

மலம் கருப்பாகத் தார்போலப் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, கால் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் அளவுக்கு மேல் போய்விட்டது தெரிந்தால் உடம்புக்கு ஒன்றும் இல்லையே என்று காத்திருக்கக்கூடாது. முதல் நாள் முழுக்கப் பெரிதாக எதுவும் தெரியாது, கல்லீரல் அதற்குள் கெட்டுக்கொண்டிருக்கும். இதற்கு அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நன்றாக வேலை செய்யும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி, காலி அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.